வீடு நிறைய, குடி குறைவு: செயின்ட் ஐவ்ஸ் ஊரின் கணக்கு

செயின்ட் ஐவ்ஸின் பழைய பகுதியில் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள், எது சும்மா கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜன்னல் வெளிச்சத்தைத் தேட வேண்டாம். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தால் போதும். உள்ளங்கை அளவில் ஒரு இரும்புப் பெட்டி ஆணியடித்து மாட்டியிருக்கும். நான்கு எண்களைத் திருப்பினால் திறந்துகொள்ளும், உள்ளே வீட்டுச் சாவி. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போகிறது என்று அர்த்தம். சில சந்துகளில் அடுத்தடுத்து நாலைந்து வாசலில் இந்தப் பெட்டி இருக்கும். ஆகஸ்டில் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது, அவ்வளவு கூட்டம். ஜனவரியில் அதே இடத்தில் காற்றும் கடற்புறாக்களும்தான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வால் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். மக்கள் தொகை சுமார் 11,000. நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம், அவ்வளவுதான். லண்டனிலிருந்து கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்து, செயின்ட் எர்த் என்ற நிலையத்தில் இறங்கி, கடலோரமாகப் போகும் குட்டி ரயிலில் மாற வேண்டும். இந்தத் தூரம் முக்கியம். பிரைட்டன், மார்கேட் போன்ற கடற்கரை ஊர்களில் வீட்டு விலை ஏறியதற்கு, லண்டனுக்குத் தினமோ வாரத்துக்கு இரண்டு நாளோ வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஒரு காரணம். அவர்கள் அந்த ஊரிலேயே குடியிருப்பார்கள், பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கு அனுப்புவார்கள். செயின்ட் ஐவ்ஸுக்கு அப்படி யாரும் போய்வர முடியாது. இங்கே வெளியூர்ப் பணம் வருவது குடியிருக்க அல்ல, விடுமுறைக்கு.

விலையைப் புரிந்துகொள்ள மீனிலிருந்து தொடங்க வேண்டும்.

பில்சார்டு என்று அங்கே சொல்லும் மீன், நம்முடைய மத்திக்கு, சாளைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதை நம்பித்தான் சில நூற்றாண்டுகள் இந்த ஊர் சாப்பிட்டது. குன்றின் மேல் ஒருவர் காவல் நிற்பார். கடலில் மீன் கூட்டம் கருஞ்சிவப்பு நிழலாக நகர்வது தெரிந்ததும் ‘ஹெவ்வா! ஹெவ்வா!’ என்று குரல் கொடுப்பார். ஊரே ஓடும். படகுகள் வலையால் கூட்டத்தை வளைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்புவது என்று கையில் செடிக்கொத்தை வைத்துக்கொண்டு மேலிருந்து அவரே சைகை காட்டுவார். 1868-ல் ஒரே வலையில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான மீன் அகப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. மீனைப் பெண்கள் உப்போடு அடுக்கடுக்காகச் சுவர் மாதிரி எழுப்புவார்கள். அதிலிருந்து வடியும் எண்ணெயைத் தனியாகப் பிடிப்பார்கள், அது விளக்குக்கு. மீன் பீப்பாயில் ஏறி இத்தாலிக்குப் போகும். தவக்காலத்தில் இறைச்சி தொடாத கத்தோலிக்கர்கள் அங்கே இருந்ததால் இங்கே அடுப்பு எரிந்தது.

இந்தத் தொழிலுக்கேற்ற வடிவத்தில்தான் வீடுகளைக் கட்டினார்கள். தரைத்தளம் மீனுக்கும் வலைக்கும். வெளியே கருங்கல் படி, அதில் ஏறினால் மேல்தளத்தில் குடும்பம். துறைமுகத்தை ஒட்டி, புயல் காற்றுக்கு ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நிற்கும் இந்த வீடுகள் இருக்கும் பகுதிக்கு ‘டவுனலாங்’ என்று பெயர், கீழத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் இருப்பது ‘அப்பலாங்’. டவுனலாங்கில் குடியிருந்தவர்கள் ஏழைகள். மீன் நாற்றத்தில் சில நாள் கோயில் கடிகாரமே நின்றுவிடுகிறது என்று ஊர்ப் பாதிரியார் கிண்டலடித்ததாக 19-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. வசதியானவர்கள் அந்த வாடை படாத மேட்டில் இருந்துகொண்டார்கள்.

இன்று அந்த நாற்றம் இருந்த இடத்துக்குத்தான் அதிக விலை. மீன் உப்பிட்ட தரைத்தளம் இப்போது கடல் பார்க்கும் வரவேற்பறை. வெளிப்படி இன்னமும் இருக்கிறது, அதைப் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. தெருப் பெயர்களும் பழையவைதான்: மீன் தெரு, மதுவைத் தொடாதவர்கள் தெரு, ஆரோக்கிய இடம். கடைசிப் பெயரை வைத்தவருக்கு மூக்கு இருந்திருக்காது என்று தோன்றும்.

1877-ல் ரயில் வந்தது. மீனைச் சீக்கிரம் வெளியே கொண்டுபோகவும் உதவும் என்று போட்ட பாதை அது. கொஞ்ச காலத்தில் மீன் குறைய ஆரம்பித்தது, ஆனால் ரயில் நிற்கவில்லை. ஆட்களைக் கொண்டுவந்தது. மூன்று பக்கமும் கடல் இருப்பதால் இந்த ஊரின் வெளிச்சம் தனி ரகம் என்று ஓவியர்கள் வந்தார்கள். காலியான வலைக்கிடங்குகளுக்கு வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்து ஓவியக்கூடம் ஆக்கிக்கொண்டார்கள். 1920-ல் பெர்னார்டு லீச்சும், ஜப்பானிலிருந்து அவரோடு வந்த ஷோஜி ஹமாடாவும் இங்கே மட்பாண்டச் சூளை தொடங்கினார்கள். 1939-ல் போருக்குப் பயந்து லண்டனை விட்டு வந்த சிற்பி பார்பரா ஹெப்வொர்த், 1975-ல் இறக்கும்வரை இந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. ஆல்ஃபிரட் வாலிஸ் என்றொரு முன்னாள் மாலுமி இருந்தார். கிடைத்த அட்டையில் எல்லாம் படகு வண்ணத்தை எடுத்துக் கப்பல் வரைவார். 1942-ல் ஏழைகள் விடுதியில் இறந்தார். அவருடைய அட்டைப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

1993-ல் போர்த்மியர் கடற்கரையை ஒட்டி, பழைய எரிவாயுக் கிடங்கு இருந்த இடத்தில், லண்டனின் டேட் கலைக்கூடத்தின் கிளை திறந்தது. ஆண்டுக்கு 70,000 பேர் வருவார்கள் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். வந்தது சராசரியாக 2,40,000. அப்புறம் கேட்கவா வேண்டும்? மணல், வெளிச்சம், கலை, நல்ல சாப்பாடு எல்லாம் ஒரே ஊரில். இங்கிலாந்தின் பல கடற்கரை ஊர்கள் 1970-களில் மலிவான ஸ்பெயின் விமானங்களிடம் தங்கள் கூட்டத்தைப் பறிகொடுத்துவிட்டு, காலி விடுதிகளோடு நொடித்துக் கிடந்தபோது, செயின்ட் ஐவ்ஸ் தப்பித்துக்கொண்டது. தப்பித்ததற்கான விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். ஊரின் திட்ட ஆவணத்தில் ஒரு பத்தி இருக்கிறது. நான் படித்த அளவில் இந்த விஷயத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லிவிடவில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையில் இந்தப் பகுதியில் 684 வீடுகள் கூடின, அதாவது 16 சதவீதம். அதே பத்து ஆண்டில் குடியிருக்கும் மக்கள் எத்தனை பேர் கூடினார்கள்? 270 பேர், 2.4 சதவீதம். வீடுகளை எண்ணிச் சொல்கிறேன், ஆட்களை எண்ணிச் சொல்கிறேன்: 684 வீடு, 270 ஆள். 2011-ல் நான்கில் ஒரு வீட்டில் நிரந்தரமாக யாரும் இல்லை. பத்து ஆண்டுக்கு முன் இருந்ததைவிட அப்படிப்பட்ட வீடுகள் 67 சதவீதம் அதிகம்.

வீட்டு விலை ஏறினால் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லும் முதல் மருந்து ‘இன்னும் கட்டுங்கள்’ என்பது. பொதுவாக அது சரியான மருந்துதான், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இந்த ஊரில் பத்து ஆண்டு கட்டிப் பார்த்துவிட்டார்கள். கட்டியதில் பெரும்பகுதியை, ஏற்கெனவே வேறெங்கோ ஒரு வீடு வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சந்தை ஊருக்குள் இருந்தால் அது ஒரு நாள் நிறையும். இந்த ஊர் வீட்டுக்கான சந்தை லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் இருக்கிறது. அங்கே ஒரு சாதாரண வீட்டை விற்றுவிட்டு வருகிறவருக்கு இந்த ஊர் விலை சல்லிசு.

உள்ளூர்க்காரர் கையில் என்ன இருக்கிறது? உணவகம், விடுதி, கடை, துப்புரவு, முதியோர் பராமரிப்பு இவைதான் முக்கியமான வேலைகள். பலவற்றுக்குக் குறைந்தபட்சக் கூலி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. வாரத்துக்கு 37.5 மணி நேரம், ஆண்டு முழுக்க வேலை கிடைத்தால் சுமார் 23,800 பவுண்டு. ஆண்டு முழுக்கக் கிடைத்தால் என்பதை மறந்துவிடாதீர்கள், குளிர்காலத்தில் பாதிக் கடைகள் கதவைச் சாத்திவிடும். வங்கிகள் பொதுவாக ஆண்டு வருமானத்தைப்போல் நாலரை மடங்கு வரை வீட்டுக்கடன் தரும். அப்படியானால் ஒருவருக்குக் கிடைப்பது 1,07,000 பவுண்டு. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் 2,14,000. ஊரில் சராசரி வீட்டு விலை 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டவுனலாங்கில் அடுப்படியும் இரண்டு அறையுமாக இருக்கும் வீடு அதற்கும் மேலே போகும்.

கொரோனா வந்ததும் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது. 2020 ஜூலையில் அரசு வீடு வாங்கும் வரியில் தற்காலிகச் சலுகை கொடுத்தது. வெளிநாட்டுப் பயணம் முடங்கியது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானது. 2021-ல், வீடு தேடும் பெரிய இணையதளமான ரைட்மூவில் அதிகம் பேர் தேடிய இடம் என்ற பட்டியலில் லண்டனையே கார்ன்வால் முந்தியது. அந்த ஜூனில், செயின்ட் ஐவ்ஸை ஒட்டிய கார்பிஸ் பே கடற்கரையில் ஜி7 நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். ஊருக்கு அதைவிடப் பெரிய இலவச விளம்பரம் வேண்டுமா?

வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் வரிச் சட்டம் குறுக்கே வருகிறது. பேராசைக்கார வீட்டுக்காரர், பாவப்பட்ட வாடகைக்காரர் என்று கதையை முடித்துவிடுவது சுலபம். ஆனால் சட்டம் எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்று பார்க்காமல் அப்படி முடிப்பது நியாயமில்லை.

ஒருவரிடம் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரக் குடும்பத்துக்கு மாதம் 1,100 பவுண்டுக்கு விட்டால் ஆண்டுக்கு 13,200. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாரக்கணக்கில் விட்டால், சராசரியாக வாரம் 1,000 என்று வெறும் 20 வாரம் போனாலே 20,000. தரகும் துப்புரவுக் கூலியும் போனாலும் கை நிற்கும். மீதி 32 வாரம் வீடு அவருடையது, கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்து இருந்துகொள்ளலாம். இது சந்தைக் கணக்கு. இதற்கு மேல் அரசும் ஒரு கை கொடுத்தது. 2017-லிருந்து 2020-க்குள் படிப்படியாக, நிரந்தர வாடகைக்கு விடுகிறவர்கள் கடன் வட்டியை முழுச் செலவாகக் காட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். விடுமுறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மட்டும் அந்த வசதி அப்படியே இருந்தது. அதோடு, விடுமுறை வாடகை வீடு ஒரு ‘வணிகம்’ என்பதால் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, கிடையாது, வணிக வரிதான். ஆண்டு வாடகையை வைத்துப் போடும் வரி மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்தால் சிறு வணிகச் சலுகையில் அந்த வணிக வரியும் பூஜ்யம். குப்பை எடுப்பதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2020-ல் சிறு வணிகங்களைக் காப்பாற்றக் கொடுத்த 10,000 பவுண்டு மானியம்கூட, கார்ன்வாலில் இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் ஊர்க்காரக் குடும்பத்துக்கு வீட்டை விட்டார் என்றால் அவர் தர்மவான்.

அதனால்தான் கார்ன்வாலில் ‘குளிர்கால வாடகை’ என்று ஒரு ஏற்பாடு பழகிப்போனது. அக்டோபரில் சீசன் முடிந்ததும் குடும்பம் உள்ளே வரலாம். ஈஸ்டர் நெருங்கும்போது காலி செய்துவிட வேண்டும். வீடு காலியாகக் கிடந்து பூசணம் பிடிக்காமல் இருக்கும், வீட்டுக்காரருக்கு நல்லது. உள்ளே இருப்பவருக்கு ஆறு மாதம் கூரை. அப்புறம்? உறவினர் வீட்டுக் கூடம், நிறுத்தி வைத்த கேரவன், வேன். வேடிக்கை என்னவென்றால், இவர்கள் காலி செய்யும் அதே ஏப்ரலில்தான் ஊரில் வேலை பெருகுகிறது. உணவகத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு இல்லை. ‘ஆள் பற்றாக்குறையால் வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை’ என்று கோடை நடுவிலேயே பலகை மாட்டும் கடைகள் கார்ன்வால் முழுக்க உண்டு. துப்புரவு வேலைக்கு வருகிறவர் பஸ் பிடித்து வெளியூரிலிருந்து வருகிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய விருந்தாளிகள் கிளம்புவார்கள், மாலை நாலு மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். இடையில் இருக்கும் ஆறு மணி நேரத்தில், கார் நுழைய முடியாத சந்துகளில் அழுக்குத் துணி மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால், ஊர் எதில் ஓடுகிறது என்று தெரியும்.

கவுன்சில் வீடுகள் என்ன ஆயின? மேட்டில், கடல் பார்வையில்லாத சரிவுகளில், 20-ம் நூற்றாண்டில் கவுன்சில் கட்டிய குடியிருப்புகள் இருக்கின்றன. 1980-ல் தாட்சர் அரசு, அப்படிக் குடியிருப்பவர்கள் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்து முழுக்கச் சுமார் 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறின. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. ஏழைகளுக்கு அரசு தரும் வாடகை உதவித்தொகையை 2016-லிருந்து நான்கு ஆண்டும், 2020-லிருந்து இன்னொரு நான்கு ஆண்டும் உயர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். வாடகை நிற்கவில்லை.

2016 மே மாதம் ஊர்க்காரர்கள் பொறுமை இழந்தார்கள். உள்ளூர்த் திட்டம் ஒன்றைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார்கள், 83 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். திட்டத்தில் பல அம்சங்கள் இருந்தாலும் நாடெங்கும் பேசப்பட்டது ஒன்றுதான்: இனிமேல் புதிதாகக் கட்டும் வீடு யாருடையதாக இருந்தாலும் அவர் அதில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். கேட்டால் நிரூபிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே, எந்த மருத்துவரிடம் பதிவு, பிள்ளை எந்தப் பள்ளியில் என்று பார்ப்பார்கள். கட்டடக்கலை நிறுவனம் ஒன்று இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பரில் வழக்கு தள்ளுபடி ஆனது.

பத்திரிகைகள் ‘வெளியூர்க்காரர்களுக்குத் தடை’ என்று எழுதின. அது தவறு. மான்செஸ்டரிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவரும் தாராளமாக வாங்கலாம், வந்து குடியிருந்தால் சரி. உள்ளூரில் பிறந்தவருக்கு எந்த முன்னுரிமையும் அதில் இல்லை, விலைக்கு வரம்பும் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, பழைய வீடுகளை அது தொடவே இல்லை. உள்ளூர்த் திட்டம் என்பது புதுக் கட்டுமானத்துக்கான விதி. ஏற்கெனவே நிற்கும் வீட்டை யார் வாங்கலாம் என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

விளைவை ஊகிக்கலாம். இரண்டாம் வீடு தேடுகிறவர் புது வீட்டை விட்டுவிட்டுப் பழைய வீட்டுப் பக்கம் திரும்பினார். அவருக்கு எப்போதும் பிடித்தது கருங்கல் படி வைத்த மீனவர் வீடுதானே! நிபந்தனை உள்ள புது வீட்டுக்கு விலை குறைவு என்பதால் கட்டுகிறவர்களுக்கு ஆர்வம் குறைந்தது. பெரிய திட்டங்கள் வந்தால்தான் அவற்றோடு சேர்த்துக் குறைந்த விலை வீடுகளும் கட்டச் சொல்லிக் கேட்க முடியும், அதுவும் சுருங்கும் என்ற கவலை வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, தடை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றார்கள். சுவிட்சர்லாந்தில் 2012-ல் ஏறக்குறைய இதேபோல ஒரு வாக்கெடுப்பு மயிரிழையில் வென்றது: எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று. அங்கே வேறு விதமாகத் திரும்பியது. புது இரண்டாம் வீடு கட்டுவது நின்றதும் மலையூர்களில் கட்டுமான வேலை குறைந்தது, உள்ளூர்க்காரர்களின் வீட்டு மதிப்பும் சேர்ந்து இறங்கியது. சொந்த வீடு வைத்திருந்த ஏழைக்குத்தான் அடி.

அப்படியானால் செயின்ட் ஐவ்ஸ்காரர்கள் ஏமாந்தார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளிலாவது ஆள் குடியிருக்க வேண்டும் என்று கேட்டார்கள், கட்டிய அளவுக்கு அது நடக்கிறது. விலை இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள். அவர்கள் கையில் கொடுத்திருந்த கருவியால் அவ்வளவுதான் முடியும். வரியும் வாடகைச் சட்டமும் லண்டனில் இருக்கின்றன. வடகிழக்கில் விட்பி ஊர்க்காரர்கள் 2022 ஜூனில் இதே கோரிக்கையை வாக்கெடுப்புக்கு விட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வந்தது. அது யாரையும் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு என்று தெரிந்தும் போய் வாக்களித்தார்கள்.

லண்டன் மெதுவாக அசைந்தது. 2023 ஏப்ரலிலிருந்து, ஆண்டுக்கு 70 நாளாவது உண்மையில் வாடகைக்குப் போனால்தான் ‘வணிகம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வாடகைக்கு விட எண்ணம் இருக்கிறது என்று சொன்னாலே கிட்டத்தட்டப் போதும். 2024 அக்டோபரில், இரண்டாவது வீடு வாங்குகிறவர் கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வை 3 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2025 ஏப்ரலில் விடுமுறை வாடகைக்கான தனி வரிச் சலுகை ஒழிந்தது. அதே மாதத்திலிருந்து இரண்டாம் வீடுகளுக்குக் கவுன்சில் வரியை இரண்டு மடங்காக வசூலிக்கும் அதிகாரம் ஊராட்சிகளுக்குக் கிடைத்தது, கார்ன்வால் கவுன்சில் உடனே பயன்படுத்திக்கொண்டது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் வழக்கத்தை 2026 மே 1 முதல் நிறுத்துகிறது. குறிப்பிட்ட மாதத்தோடு முடியும் ஒப்பந்தமும் அதோடு போகிறது. ஆறு மாதக் கூரையும் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள்: ஈஸ்டருக்கு வீடு திரும்பக் கிடைக்காது என்றால், அக்டோபரில் யார் கொடுப்பார்கள்?

ஊருக்குள் இதைப் பேச ஆரம்பித்தால் எளிதில் அணி பிரியாது. வெளியூர்க்காரர் கூரை மாற்றினால்தான் உள்ளூர்த் தச்சருக்கு வேலை. விடுமுறை வீடு வைத்திருப்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, அதிலிருந்து வரும் வாடகைதான் சிலருக்கு ஓய்வூதியம். டவுனலாங்கில் பாட்டி இறந்து, வீடு நான்கு பேரப் பிள்ளைகளுக்கு வருகிறது. ஒருவருக்கு அதில் குடியிருக்க ஆசை, மற்ற மூவருக்கும் பங்கைக் கொடுக்கப் பணம் இல்லை. தரகர் சொல்லும் விலைக்கு விற்றுவிட்டு, வந்த காசில் நால்வரும் பக்கத்து ஊர்களில் தனித்தனியாக முன்பணம் கட்டுகிறார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? விற்றது அவர்கள்தான், ஊரை விட்டுப் போக வேண்டி வந்ததும் அவர்கள்தான்.

மீன்பிடித் தொழில் முழுக்கப் போய்விடவில்லை. போர்த்மியரில் ஓவியக்கூடங்களுக்குக் கீழே இருக்கும் கிடங்குகளில் இப்போதும் வலைகளை வைக்கிறார்கள், செப்பனிடுகிறார்கள். மேலே வண்ணம், கீழே வலை. அந்தக் கட்டடத்தை அறக்கட்டளை ஒன்று பிடித்து வைத்திருப்பதால்தான் இரண்டு கூட்டமும் இன்னும் அங்கே இருக்க முடிகிறது. அது சந்தைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அக்கம்பக்கத்துச் சாவிப் பெட்டிகளே பதில்.

ஊருக்கு மேலே குன்றில் 50 அடி உயரத்தில் ஒரு கருங்கல் கூம்பு நிற்கிறது. ஜான் நில் என்று 18-ம் நூற்றாண்டில் மேயராகவும் சுங்க அதிகாரியாகவும் இருந்தவர், தனக்குக் கல்லறையாக 1782-ல் கட்டிக்கொண்டது. கடைசியில் அவரை லண்டனில் புதைத்தார்கள், அது வேறு கதை. அவர் பணம் ஒதுக்கி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஜூலை 25 அன்று அந்தக் கூம்பைச் சுற்றி நடனம் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். 1801-லிருந்து, ஒன்றிலும் ஆறிலும் முடியும் ஆண்டுகளில் வரும் சடங்கு. வெள்ளை உடை அணிந்த பத்துச் சிறுமிகள், இரண்டு விதவைகள், ஒரு பிடில்காரர். சிறுமிகள் யார் என்பதையும் அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பத்து வயதுக்குள் இருக்க வேண்டும், இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், மாலுமி, மீனவர் அல்லது வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளியின் மகளாக இருக்க வேண்டும்.